காது வைத்த காசு

"காதும்மா. காது வச்ச அடையாளம் இருக்கான்னு பாரு" என்றார் அப்பா, தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே.

அவள் விளக்கைச் சாய்த்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் வெள்ளிக் காசைத் திருப்பினாள். இரண்டு விரலால் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தாள். காசின் முகத்தில் விரல் பட்டால் அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிடும். துறைமுகத்தின் நூறாவது ஆண்டுக்கு வெளியிட்ட நினைவுக் காசு அது. ஒரு கப்பல், கீழே அலைகள். அலைகளின் மேடு தேயவில்லை. யாரும் மெருகு போட்டுக் கெடுக்கவில்லை. ஆனால் விளிம்பில், கப்பலின் உச்சிக்கு நேர் மேலே, கழுத்தில் போடக் காதுபோல ஒரு வளையம் பற்றவைத்து, பிறகு அதை அறுத்து அரத்தால் மழுப்பிய இடம் இருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முன்பு அவளே குறை சொல்லித் திருப்பி அனுப்பிய அதே காசு.

காசைக் கொண்டுவந்த தரகரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் தெரியாதவர் தலையில் கட்டப் பார்க்கிறார், நல்ல ஆள்.

அப்பாவின் பார்வை மங்கியதிலிருந்து அவள்தான் அவருக்குக் கண். அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போனான். கண் எங்கே போகும்? பிழை திருத்தும் வேலைக்கு வரச்சொல்லி அச்சகத்துக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். "காசுப் பெட்டியில இந்த ஒரு குழிதான் பாக்கி. அது நிறைஞ்சதும் கிளம்பு" என்பார் அப்பா. வந்த காசு ஒவ்வொன்றிலும் குறை இருந்தது, அவள் சொன்னாள். தன் வாயாலேயே தன்னைப் பூட்டிக்கொண்டாள்.

"என்னம்மா?"

"சுத்தமா இருக்குப்பா. காது வைக்கலை."

அப்பா கையை நீட்டி வாங்கினார். கட்டைவிரல் நகம் விளிம்பைச் சுற்றி ஊர்ந்தது. கப்பலுக்கு மேலே வந்ததும் நின்றது. நகம் அந்த இடத்துக்கே இன்னொரு தடவை போய்வந்தது.

"சரி. குழியில வை."

மதியம் பால் கொடுக்கப் போனபோது அவருக்கு மூச்சு இல்லை.

சாயங்காலத்துக்குள் அறை நிறைந்துவிட்டது. "இப்படிப் புழுங்குதே!" என்று பக்கத்து வீட்டு அக்கா சன்னல் கொக்கியில் கை வைத்தாள்.

"திறக்காதீங்க! காசு கறுத்துடும்!"

அவள் போட்ட சத்தத்தில் அழுகைகூட நின்றது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். உப்புக்காற்று பட்டால் வெள்ளி கறுக்கும் என்று, அவளுக்கு விவரம் தெரிந்த நாளாக மூடிக் கிடக்கும் சன்னல். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அண்ணன் அவளை ஓரமாகக் கூப்பிட்டான். "பெட்டியை விக்கவேணாம். அப்பா பேர்ல அப்படியே இருக்கட்டும், இன்னும் சேர்ப்போம். நீ இங்கேயே இருந்து பாத்துக்க. உன்னை விட்டா வேற யாருக்கு இதெல்லாம் தெரியும்?"

அவள் வாசல் பக்கம் நடந்தாள்.

வாசலில் தரகர் தயங்கி நின்றார். "தப்பா நெனச்சுக்காதம்மா. அந்தக் காசை அப்பாதான் கொண்டாரச் சொன்னார். காது வச்சதாச்சே, நீங்களே வேணாம்னு அனுப்பினதாச்சேன்னு கேட்டேன். 'தெரியும்யா, அதையே கொண்டா. அவ கிளம்பட்டும்'னார்."

பிறகு ஏன் காலையில் காது இருக்கிறதா என்று அவளைக் கேட்டார்? அதைக் கேட்க இப்போது ஆளில்லை. அவள் அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.

அண்ணன் பெட்டியோடு வந்து குனிந்தான். "அந்தக் கடைசிக் காசு என்ன தரம்?"

குழியிலிருந்து அதை எடுத்தாள். ஓரத்தைப் பிடிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள்.

"ஏய், முகத்துல கை படுது!"

"படட்டும். இதை நான் வச்சுக்கிறேன். பெட்டியை நீ கொண்டு போண்ணா. நான் அச்சகத்துக்கு வேலைக்குப் போறேன்." பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம் திரும்பினாள். "சன்னலைத் திறங்கக்கா."

கொக்கி இறுகிப்போயிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து தட்டினார்கள். அவள் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். கப்பலின் மேல் அவளுடைய கட்டைவிரல் ரேகை வேர்வையோடு முழுசாக விழுந்திருந்தது. முந்தானையை எடுத்தாள், துடைக்கவில்லை.