ஐந்து மணிக்குப் பிந்திய பூசை

சாவகச்சேரியில் உள்ள தம்பிஐயாவின் புடவைக்கடைக்குத் தொழில் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். ஐந்து மணிக்குப் பிறகு வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பிஐயா சட்டத்தை மதிப்பவர். மறுநாளே விரலடையாள மெசின் பூட்டினார். சரியாக ஐந்து மணிக்குக் கடையில் வேலை செய்யும் பதினொரு பெண்களும் விரல் வைத்துவிட வேண்டும்.

அதன் பிறகுதான் பூசை. கடையின் நடுவே புதிதாகப் பிள்ளையார் படம் ஒன்று ஏறியிருந்தது. விரித்துப்போட்ட சேலைகளுக்கு நடுவில் சாமி கும்பிட முடியாது. ஆகவே முதலில் அவற்றை மடித்து அடுக்க வேண்டும், நிலம் கூட்ட வேண்டும். நாளைக்குரிய விலைத்துண்டுகளையும் ஒட்டிவிட்டால் பிள்ளையார் இன்னும் சந்தோசப்படுவார். ஏழு மணியளவில் கற்பூரம் கொளுத்தப்படும். திருநீறு வாங்காமல் யார் வெளியேறுவார்கள்?

அந்தப் பெண்களில் ஒருத்தியான தனுசியாவின் மூன்று வயது மகள் அரியாலையில் ஒரு பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் இருந்தாள். ஆறு மணிக்கு அதைப் பூட்டிவிடுவார்கள். தனுசியா ஏற்கெனவே இரண்டு தடவை பிந்திப் போயிருந்தாள். இனியும் பிந்தினால் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஐந்து மணிக்கே போகலாமா என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தாள்.

"வேலை எண்டால் போ பிள்ளை, நான் மறிக்கேல்லை. இது பக்தி," என்றார் தம்பிஐயா.

திங்கட்கிழமை விரல் வைத்ததும் அவரிடம் போனாள்.

"எனக்குச் சுகமில்லை முதலாளி. பூசைக்கு நிக்கேலாது."

மாதவிலக்கான பெண்ணைச் சாமிக்கு முன்னால் நிறுத்தத் தம்பிஐயாவின் மனம் இடம் கொடுக்கவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கையை அசைத்தார். தனுசியா ஐந்து இருபது பஸ்ஸைப் பிடித்தாள்.

வியாழக்கிழமை நான்கு பேருக்குச் சுகமில்லை. அடுத்த கிழமை பதினொரு பேருக்கும். அவர்களில், வாடிக்கையாளரிடம் காசு வாங்கும் அருமைநாயகிக்கு ஐம்பத்தெட்டு வயது. தம்பிஐயா அவளைக் கேட்க வாயெடுத்தார். பிறகு மேசையில் கிடந்த விலைத்துண்டுகளை எண்ணத் தொடங்கினார்.

"எனக்கும் அதிசயமாத்தான் கிடக்கு முதலாளி," என்றாள் அவள். "ஓவர்ரைம் குடுத்தால் சுகம் வந்திடும் எண்டு பெட்டையள் கதைக்கினம்."

அடுத்த நாள், ஆறு மணிக்குச் சற்று முன்னதாக உத்தியோகத்தர் மறுபடி வந்தார். தம்பிஐயா தனியே நிலத்தில் உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கு மேலதிக நேரச் சட்டம் பொருந்தாது. ஆகவே உத்தியோகத்தர் குறை எதுவும் எழுதவில்லை. சட்டம் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்நேரம் அரியாலையில் தனுசியாவைக் கண்டதும் மகள் அழத் தொடங்கினாள். விளையாட்டுக் கட்டைகளால் கட்டிய வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லையாம். அம்மா ஏன் இவ்வளவு வெள்ளன வந்தா? கொஞ்சம் பிந்தி வந்தால் என்ன?

ஆறு மணியாகப் பத்து நிமிடம் இருந்தது. தனுசியா செருப்பைக் கழற்றிவிட்டு அவளருகே நிலத்தில் உட்கார்ந்தாள்.