பதினொரு வருடம் மூடி வைத்த சண்டை

ஈரோட்டில் தம்பதிகள் தங்கள் சண்டையைத் தூக்குப்போசியில் போட்டு, மூடியை அழுத்தி, மரகதத்திடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். குடும்பநல ஆலோசகர் என்று போர்டு மாட்டி அவள் செய்துவந்த தொழில் அதுதான். ஆறு மாதம் அலமாரியில் இருந்தால் எப்பேர்ப்பட்ட சண்டையும் ஊறி மெதுவாகிவிடும். அப்புறம் வாங்கிப்போய், வீட்டில் நிதானமாகச் சண்டையைப் போட்டு முடித்துக்கொள்ள வேண்டும். வாங்க வராதவர்களும் உண்டு.

போசிகள் எல்லாம் கல்யாணச் சீரில் வந்தவை. மூடியில் இருவர் பெயரின் முதலெழுத்தும் வெட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பாள்.

மேல்தட்டில் இருந்த ஒன்று அவளுடையது. அவள் அப்பா கரூரில் சாகக் கிடந்தபோது, "காலைல போய்க்கலாம்" என்றார் கணவர் சென்னியப்பன். காலையில் போனபோது அப்பா இல்லை. அதில் மூண்ட சண்டை இரண்டு நாள்கூட நடக்கவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் வீட்டில் சத்தம் கேட்டால் நன்றாயிருக்காது என்று அவளே அள்ளிப் போட்டு மூடிவிட்டாள். அதற்கப்புறம் திறக்க நேரம் வரவில்லை. கூட்டம் அப்படி. பதினொரு வருடம் ஓடிவிட்டது.

அன்றிலிருந்து சென்னியப்பன் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார். சாப்பிட்டு எழுந்ததும் நன்றி சொன்னார். அவள் உள்ளே வந்தால் நாற்காலியை விட்டு எழுந்தார். போன மாதம் அவளை "மேடம்" என்று கூப்பிட்டார். அவளுக்கு அப்பா விஷயத்தில் அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. மேல்தட்டில் கைவிட்டு, 'ம.செ.' என்று வெட்டியிருந்த போசியை இறக்கித் திறந்தாள். உள்ளே, வாஷிங் மெஷினை எந்தப் பக்கம் வைப்பது என்கிற சின்னச் சண்டை கிடந்தது.

அது மஞ்சரி, செழியன் என்ற இளசுகளுடையது. நான்கு மாதத்துக்கு முன் அவர்கள் வந்து கேட்டபோது, எழுத்தைப் பார்த்துத் தன்னுடையதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். இத்தனை வருட அனுபவம் என்று பீற்றிக்கொண்டு என்ன பிரயோசனம்?

அவர்களுடைய போசியை எடுத்துக்கொண்டு சூரம்பட்டியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஹாலில் மஞ்சரியின் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாத்திக் குடுத்துட்டேன் கண்ணு. அது என்னுது" என்றாள் மரகதம்.

"அது தீந்துபோச்சுங்களேக்கா. நேத்துத்தான் போட்டு முடிச்சோம்" என்றாள் மஞ்சரி. "எங்கப்பா சாகக் கெடந்தப்ப உடனே கூட்டிட்டுப் போகலைன்னு நாலு மாசமா இவரை நான் விடவே இல்லைங்க."

அப்பா பேப்பரைத் திருப்பினார். "மாப்பிள்ளை பாவம், ரொம்ப அழுதாருங்க" என்றார்.

"கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் மரகதம்.

செழியன் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தான். "தப்பு என்னுதுதான்னு சொன்னனுங்க. சாவைக் கிட்ட இருந்து பாக்க எனக்குப் பயமுங்க. அதனாலதான் காலைல போலாம்னேன். அதை அன்னிக்கே சொல்லியிருக்கோணும்."

அவள் கேட்கவேண்டிய வார்த்தை அதுதான். இன்னொருத்தி கேட்டு முடித்துவிட்டாள். ஒரு சண்டைக்கு அது ஒருமுறைதான் வரும். மரகதம் நின்ற இடத்திலேயே அழுதாள். வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது என்று மஞ்சரி அவள் போசியைக் கழுவி, ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள்.

வீட்டில் சென்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்து, நடந்ததையெல்லாம் நின்றபடியே கேட்டார்.

"வேற சண்டை ஏதாச்சும் இருக்குங்களா?" என்றார்.

வாங்க வராதவர்களின் போசி ஒன்று அடித்தட்டில் இருந்தது. அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். மரகதம் அதைத் திறந்து நடுவில் வைத்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"மரகதம், உங்கக்கா கல்யாணத்துல ஒருத்தனாச்சும் என்னை வாங்கன்னு கேட்டானா?" என்றார் சென்னியப்பன்.

மரகதம் ஒரே பிள்ளை.

"கேட்டாங்க. நீங்கதான் காதுல வாங்காம நேராப் பந்திக்குப் போனீங்க."

"பொய் பேசாதே. உன்ற ஊர்க்காரனுக எல்லாம் இப்படித்தான்."

பதினொரு வருடத்துக்கப்புறம் அவர் அவளை ஒருமையில் பேசினார். சாயங்காலம்வரை போட்டார்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் சண்டையில் வந்த அந்த அக்கா வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"மாப்பிள்ளையை வாங்கன்னு கேக்காம விட்டது எங்க தப்புத்தானுங்க" என்றாள்.

சென்னியப்பன் அவளை உள்ளே வரச் சொன்னார். அவள் மரகதத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட அன்னிக்கு நான்தான் இருந்தேன். உன்னைக் கேட்டுட்டே இருந்தாரு. காலைல வந்துருவான்னு சொன்னேன். சரி, அவ தூங்கட்டும்னாரு."

மரகதம் அவளுக்குக் காபி வைக்கப் போனாள்.