குப்புறப் படுக்கவைக்கும் பாடம்

கண்டாவு தீவில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். எனக்கு இனிமேல் யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். பிஜி முழுக்கக் கொரோனா பரவி, தலைநகர் சுவாவிலிருந்து கப்பல்கள் நின்றுபோன ஜூலையில், எல்லா நர்ஸும் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூச்சுத் திணறும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது எப்படி என்பது பாடம். நடத்துகிறவள் கெலேரா. ஒரு காலத்தில் என்னிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டவள். அதுதான் எனக்கு உறுத்தியது.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது சமையலறை ஜன்னலோரம் மட்டும். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். மற்ற அறுபத்துமூன்று பேரும் கேமராவை அணைத்திருந்தார்கள். நான் மட்டும் போட்டு வைத்திருந்தேன், கெலேரா பார்க்கட்டும் என்று.

பாதியில் சத்தம் அறுந்து படம் மட்டும் வந்தது. நோயாளிக்குப் பதிலாக வைத்த பொம்மைக்கு அடியில் விரிப்பைப் போட்டு, இழுத்து, புரட்டினார்கள். இவ்வளவுதானா! என் கணவன் இலைதியாவைக் கூப்பிட்டேன். ஊர் ரக்பி அணியில் முன்வரிசையில் ஆடியவன். எடை நூற்று இருபத்தெட்டு கிலோ.

"தரையில படு. உனக்கு நினைவு தப்பிருச்சு."

"நினைவு தப்பினவனுக்கு டீ உண்டா?"

"வாய மூடு. செத்துக்கிட்டு இருக்க."

"சரி, மெதுவாவே சாகறேன்."

அவனுக்கடியில் விரிப்பைப் போட்டு, பிடித்து இழுத்தேன். பாதி வரை எழும்பினான், ஒருக்களித்து நின்றான், பிறகு என் பக்கமே உருண்டான். என் இரண்டு கால்களும் அவனுக்கடியில் மாட்டிக்கொண்டன.

"எந்திரிடா மலைமாடு!"

"எனக்குத்தான் நினைவே இல்லையே."

அந்த நேரம் பார்த்துச் சத்தம் திரும்பி வந்தது.

"சிஸ்டர் உனாய்சி, எல்லாருக்கும் தெரியுது," என்றாள் கெலேரா. "தனியா செய்யாதீங்க, அஞ்சு பேர் வேணும்னு இப்பத்தானே மூணு தடவ சொன்னேன்?"

"தனியா செஞ்சா என்ன ஆகும்னு காட்டறேன்மா," என்றேன், தரையில் கிடந்தபடி.

ஒருத்தரும் நம்பவில்லை. நன்றாகச் சிரிப்பதற்கென்றே ஒவ்வொருத்தியாகக் கேமராவைப் போட்டார்கள். கெலேரா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப சரியாவும் காட்டிடுங்க சிஸ்டர். நாங்க காத்திருக்கோம்."

பக்கத்து வீட்டுத் தெவிதாவும் அவன் மனைவியும், கரையில் மீன் அரிந்துகொண்டிருந்த இரண்டு பேரும் முகக்கவசத்தோடு வந்தார்கள். தலைப்பக்கம் நிற்பவர் எண்ண வேண்டும், மற்றவர்கள் கேட்டு நடக்க வேண்டும் என்றாள் கெலேரா. எனக்கென்றே உண்டாக்கின வேலை. ஆனாலும் மூன்று சொல்வதற்குள் இரண்டிலேயே இழுத்தார்கள். நாலாவது தடவைதான் இலைதியா ஒழுங்காகப் புரண்டான். புரண்டதும் நிஜமாகவே தூங்கிவிட்டான்.

ஆகஸ்டில் நோய் எங்கள் கரைக்கும் வந்தது. படகோட்டி வைசாகேவுக்கு ஆக்ஸிஜன் எண்பத்திரண்டுக்கு இறங்கியது. அவரைச் சுவாவுக்குக் கூட்டிப்போகும் அரசாங்கக் கப்பல் வர இன்னும் ஆறு மணி நேரம். அதே நாலு பேரையும் வரவழைத்து, கவுனும் கையுறையும் மாட்டிவிட்டு, தலைப்பக்கம் நின்றேன்.

"ஒண்ணு... ரெண்டு..."

அடுத்த எண்ணே வரவில்லை.

"மூணு, சிஸ்டர்," என்றான் தெவிதா மெதுவாக.

புரட்டினோம். அரை மணி நேரத்தில் தொண்ணூறு காட்டியது. கப்பல் வரும்வரை அவர் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபரில் வைசாகே தேறித் திரும்பினார். தேவாலயத்தில் எழுந்து நின்று, "உனாய்சி ஒருத்தியா என் உயிர மீட்டா," என்றார். அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். திருத்தத் தோன்றவில்லை. பின்வரிசையில் அந்த நாலு பேரும் சேர்ந்தாற்போல் இருமினார்கள். அந்தக் கொரோனா காலத்தில் இருமினால் ஊரே திரும்பிப் பார்க்கும். வேறு வழியில்லாமல் எழுந்து உண்மையைச் சொன்னேன்.