ஆறாம் பாகத்து ஓநாய்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ரிப்பீட் ஆர்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவோம். போன வருஷம் போன அதே டிசைன், அதே துணி, அதே அளவு. புதுசாக சாம்பிள் பார்த்து யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. அதே புத்தியில்தான் ‘தோர்ன்ஹால்’ என்ற வீடியோ கேமின் ஆறாம் பாகத்தையும் வாங்கித் தொலைத்தேன். வாங்கும் முன் ஆடிப் பார்க்க ஆட்டத்தில் ஒரு பகுதியை இலவசமாகவே கொடுத்திருந்தார்கள். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதைக் கேட்டது என் அண்ணன் தரணீதரன். ஊத்துக்குளி ரோட்டில் பைக் சறுக்கி விழுந்ததில் அவருக்கு வலது கை நரம்பு போய்விட்டது. விரல்கள் அசையாது. நிட்டிங் மெஷின் மெக்கானிக் வேலையும் அதோடு போனது. அதற்குப் பிறகு அவர் வீட்டில் எதையும் கேட்டதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், டீ கொடுத்தால் குடிப்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் ஒருநாள், “அம்மிணி, தோர்ன்ஹால் ஆறு வந்துருச்சாமா?” என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே வாங்கினேன்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முதல் பாகத்தை நாங்கள் சேர்ந்து ஆடினோம். மந்திரவாதி, வில்வீரன், வைத்தியக்காரி, ஒரு முரடன் என்று நம் பக்கம் நாலு பேர். எதிரில் பூதம் வந்தால் அது பாட்டுக்கு நிற்கும். நாங்கள் யோசித்து, அடித்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வந்து முடிவெடுக்கும்வரை வாலைக்கூட ஆட்டாது. பிறகு நாம் ஒரு அடி, அது ஒரு அடி. வழி தெரியாவிட்டால் ஊர்க்காரனிடம் கேட்டுத்தான் போக வேண்டும். இரண்டாம் பாகமும் அப்படியேதான். மூன்றாம் பாகத்தில், அதுவரை எழுத்தில் பேசிய ஊர்க்காரனுக்குக் குரல் வந்தது. நான்காவதில் வழிகாட்ட அம்புக்குறி வந்தது, அவனோடு பேசும் வேலையே போயிற்று. ஐந்தாவதில் பூதங்கள் காத்திருப்பதை விட்டுவிட்டன. ஆனாலும் சண்டையை நிறுத்தி வைத்து யோசிக்க ஒரு பொத்தானை மிச்சம் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டோம்.

ஆறாவதில் அந்தப் பொத்தானும் இல்லை. நாலு பேரும் இல்லை. ஒற்றை ஆள், கையில் ஒரு வாள். ஊரை விட்டு வெளியே வந்ததும் பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓநாய் பாயும். கண் சிமிட்டுவதற்குள், இரண்டு கையாலும் பிடிக்கும் கன்ட்ரோலரில் இடது பெருவிரலால் நகர்ந்து, வலது பெருவிரலால் தட்டி, உருண்டு எழுந்து வெட்ட வேண்டும். அண்ணனுக்கு அந்த வலது பெருவிரல்தான் அசையாதே! செத்தார். திரும்பத் திரும்பச் செத்தார்.

“சுலபமா வெச்சுக்கலாமுங்கண்ணா,” என்று ஆட்டத்தின் கடினத்தைக் குறைத்தேன். ஓநாய் வந்தது, வாள் தானாகச் சுழன்றது, ஓநாய் விழுந்தது.

“இதுல நான் எதுக்கு அம்மிணி? அதுவே ஆடிக்குது. பழையபடியே வெச்சுரு,” என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து போய்விட்டார். கடினத்தை முன்பிருந்தபடியே மாற்றி வைத்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. கம்பெனியில் ஒரு பட்டனை மாற்றுவதென்றாலும் துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் கேட்டுவிட்டுத்தான் தைப்போம். இவர்கள் இத்தனை வருஷம் கூடவே வந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டார்களா? இன்டர்நெட்டில் போய்த் திட்டி எழுதினேன். ‘வயசாயிருச்சா ஆன்ட்டி?’ என்று எவனோ பதில் போட்டான். எனக்கு முப்பத்திரண்டுதான் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குளிக்கப் போனார். ஒற்றைக் கையால் குளித்துவிட்டு வர நேரமாகும். அதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆறாம் பாகத்தை அழிக்கச் சொன்னபோது, சேமித்து வைத்த ஆட்டத்தையும் சேர்த்து அழிக்கவா என்று திரை கேட்டது. அதில் என்ன இருக்கப்போகிறது, நாலு சாவுதானே? எல்லாவற்றையும் வழித்துப் போடு என்று அமுக்கினேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் பாகத்தை ஏற்றினேன். பழையது சின்னது, சீக்கிரமே ஏறிவிட்டது.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து திரையைப் பார்த்தார்.

“என்ன அம்மிணி இது?”

“ரெண்டாம் பாகமுங்கண்ணா. இதுக்கு ஒரு கையே போதும். பூதம் காத்துட்டு நிக்குமுங்க.”

“புதுசு எங்க?”

“அந்தக் கருமத்தை அழிச்சுப்போட்டனுங்க.”

“சேவ் பண்ணுனதும் போயிருச்சா?”

“அதுல என்னங்கண்ணா இருக்குது?”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கையிலிருந்த துண்டு தரையில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

“நீ கம்பெனிக்குப் போனதுக்கப்புறம் தினமும் உக்காந்தேன். கன்ட்ரோலரைத் தொடை மேல வெச்சு, வலது பக்கத்தை மணிக்கட்டால அமுக்கிப் பழகுனேன். நேத்து அந்த ஓநாயைக் கொன்னுட்டேன் அம்மிணி. பாலத்தைத் தாண்டி ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டேன். இன்னைக்கு உனக்குக் காட்டலாமுன்னு இருந்தேன்.”

ஏன் சொல்லவில்லை என்று கத்தத்தான் வாய் வந்தது. அதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

“பழசுல என்ன வருமுன்னு எனக்கு மனப்பாடம்,” என்றார் அண்ணன். “அடுத்தது என்னான்னு பாக்கோணுமுன்னுதானே கேட்டேன்.”

ஆறாம் பாகத்தை மறுபடி இறக்கப் போட்டேன். எங்கள் வீட்டு நெட்டுக்கு அது சாயங்காலம்வரை இழுத்தது. அண்ணன் திரை முன்னாலிருந்து நகரவில்லை. கடைசியில் ஊர் வந்தது, பாலம் வந்தது, ஓநாய் பாய்ந்தது. மணிக்கட்டு வழுக்கி, செத்தார். மறுபடியும் செத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“குடுங்கண்ணா, இதை மட்டும் நான் அடிச்சுத் தாரேன். ஆத்தங்கரையில இருந்து நீங்க ஆடுங்க,” என்று கை நீட்டினேன்.

அண்ணன் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நீ இனி இதைத் தொடாத அம்மிணி,” என்றார்.

நான் பிறந்ததிலிருந்து அண்ணன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.