முதுகுச் சிலேட்டு

சலவைக் கடையில் நாளெல்லாம் இஸ்திரி போடும் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடக்கூட வராது. ஆனாலும் ஆங்கில எழுத்துக்கூட்டும் போட்டிக்கு இரண்டு பெண்களையும் தயார் செய்தது அவள் முதுகுதான். சாயங்காலம் வந்ததும் இடுப்பு விட்டுப்போய்க் குப்புறப் படுத்துவிடுவாள். பெரியவள் அந்த முதுகில் ஒரு வார்த்தையை விரலால் எழுதுவாள், சின்னவள் அதைப் பார்த்துப் படிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பும் ஆயிற்று, அம்மாவுக்கு ஓசியில் முதுகு பிடித்துவிட்ட மாதிரியும் ஆயிற்று.

பிரெஞ்சிலிருந்து வந்த வார்த்தைகள்தான் படுத்தி எடுத்தன. பெரியவள் மண்டையை உடைத்துக்கொண்டு அவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தாள். கடைசியில் 'ஓ' என்று முடிந்தால் பெரும்பாலும் ஈ, ஏ, யூ மூன்றும் கைகோத்து வரும். பியூரோ, பீடபூமியைக் குறிக்கும் பிளாட்டோ எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். அந்த மூன்றை மட்டும் அழுத்தி எழுதி எழுதி, அம்மாவின் முதுகுக்கே அது பழகிவிட்டது.

போட்டியன்று பெரியவள் இரண்டாவது சுற்றிலேயே தோற்று வெளியே வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. அவளும் தோக்கட்டும்."

அம்மாவுக்குப் பகீரென்றது. கோப்பை கிடக்கட்டும், ஒரே போர்வைக்குள் தூங்குகிற இரண்டும் நாளைக்கு முகம் பார்க்காமல் போய்விட்டால் என்ன செய்வது?

கடைசிச் சுற்று. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் சின்னவளுக்குக் கோப்பை. 'ட்ரூஸோ' என்றார் நடுவர், கல்யாணப் பெண் எடுத்துப்போகும் துணிமணி என்று அர்த்தமும் சொன்னார். சின்னவள் டி, ஆர், ஓ, யூ, எஸ், இன்னொரு எஸ் வரை மளமளவென்று வந்து, அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போது அம்மாவின் முதுகில் ஒரு விரல் பட்டது. அழுத்தமாக மூன்று எழுத்து. மறுபடியும் அதே மூன்று. மேடைக்கு அது போய்ச் சேராது என்று எழுதியவளுக்கும் தெரியும். இருந்தும் மூன்றாம் முறையும் எழுதினாள்.

"ஈ... ஏ... யூ," என்றாள் சின்னவள்.

தப்பென்றால் அடிக்கும் மணி அடிக்கவில்லை. அரங்கமே எழுந்து கைதட்டியது.

"சொல்லிட்டாம்மா," என்று பின்னாலிருந்து அழுதுகொண்டே ஒரு குரல்.

அம்மா மட்டும் எழவில்லை. எழுந்தால் அந்த விரல் முதுகை விட்டுப் போய்விடும்.