ஆனந்தி சொன்னால்தான் யானை

மூன்று மாதம் போனைத் தொடவே கூடாது என்று மூணாறு டாக்டர் சொல்லிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. முந்தின நாள்தான் ஆனந்தி சேர்ந்தாற்போல ஐந்து மணி நேரம் தூங்கினாள். அந்தச் சந்தோஷத்தில் அவள் புருஷன் அருண்பாண்டி கோழிக்குழம்பே வைத்துவிட்டான்.

ஐந்து வருஷமாக அந்தத் தேயிலை எஸ்டேட்டில் யானை இறங்கினால், காட்டைக் காவல் காக்கும் வாட்சர்கள் அவளிடம்தான் சொல்வார்கள். அவள் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரையும் எச்சரித்து வாய்ஸ் போடுவாள். எப்போது போன் அடிக்குமோ என்று இரவு பகலாகக் காத்துக் கிடந்த உடம்பு, பாவம், எத்தனை நாள் தாங்கும்? குக்கர் விசிலுக்கே நெஞ்சு தடதடக்க ஆரம்பித்தது. ஒருநாள் கை நடுங்கி, கொழுந்து பறிக்க முடியாமல் தேயிலைக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் பிரஷர் என்று சொல்லி வைத்தாள். நரம்புத் தளர்ச்சி என்று சொன்னால் பைத்தியம் என்று பேர் வைத்துவிட மாட்டார்களா இந்த ஜனங்கள்?

சாயங்காலம் நாலரை மணிக்கு ஜிஷா மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஆனந்திக்குப் பதிலாகக் குரூப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவள்.

"யக்கா, ஏழாம் நம்பர் பாலத்துக்கிட்ட ஒத்தக்கொம்பன் யானை நிக்குது. மூணு வாட்டி வாய்ஸ் போட்டுட்டேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாக. ஆனந்தி சொல்லட்டும், அப்புறம் பாப்போம்னு சிரிக்கிறாக. கொழுந்தெடுத்த பொம்பளைக இருவத்தாறு பேரும் அந்தப் பாலத்துக் குறுக்கு வழியிலதான் இறங்குறாக!"

இந்த வினையை இழுத்து வைத்ததே ஆனந்திதான். முன்பொரு முறை எவனோ விளையாட்டுக்குப் பொய் போட்டுவிட, "என் குரல் கேட்டாத்தான் யானை, மத்ததெல்லாம் பூனை" என்று அவளே குரூப்பில் முழங்கியிருந்தாள்.

போனைப் பூட்டி வைத்திருந்த பெட்டிக்குக் குறுக்கே அருண்பாண்டி வந்து நின்றான். "வேணாம் புள்ள. இன்னைக்கு எடுத்தா நாளைக்கும் எடுப்ப."

"தெரியும். சாவியக் குடுங்க."

போனைத் திறந்ததும் பன்னிரண்டு நாள் செய்தி மொத்தமும் கணகணவென்று கொட்டியது. காது அடைத்தது. விரல் இரண்டு தரம் வழுக்கியது. "ஆனந்தி பேசுறேன். ஏழாம் நம்பர் பாலத்துல ஒத்தக்கொம்பன். ஜிஷா சொன்னது நெசம். மேல் ரோட்டுக்குத் திரும்புங்க."

இரண்டு நிமிஷம். அவளுக்கு உயிரே இல்லை. பிறகு ஒரு குரல் வந்தது: "திரும்பிட்டோம்க்கா."

அதோடு விட்டார்களா? 'அக்கா வந்தாச்சு!' 'இனி கவலையில்ல!' என்று கும்பிடும் பூவுமாகச் செய்தி குவிந்தது. 'அக்கா, நாளைக்குக் காலையில ரெண்டாம் டிவிஷன் தோட்டத்துக்குப் போலாமா?' என்று ஒருத்தி அதற்குள் கேட்டுவிட்டாள். ஆனந்திக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்குப் பிரஷர் இல்ல, நரம்பு விட்டுப்போச்சு. பயந்து பயந்தே போச்சு. இனிமே ஜிஷா சொன்னா யானைதான். என்னையத் தூங்க விடுங்க." சொல்லிவிட்டுக் குரூப்பை விட்டே வெளியேறினாள்.

அரைமணி கழித்து, பக்கத்து வீட்டுப் பெரியமுத்து குடத்தோடு தண்ணீர்த் தொட்டிக்குக் கிளம்பினார். அவர் சட்டைப்பையில் போன் மணியடித்தது; எடுத்துத் தட்டியதும் ஜிஷாவின் குரல் கேட்டது. தொட்டிப் பக்கம் யானை, யாரும் வராதீர்கள் என்றது. பெரியமுத்து நின்று, வாசலில் உட்கார்ந்திருந்த ஆனந்தியைப் பார்த்தார். நெசமா என்று கேட்கும் பார்வை.

ஆமாம் என்று தலையாட்ட எவ்வளவு நேரமாகும்? கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு, ஆனந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு பெரியமுத்துவின் செருப்புச் சத்தம் தொட்டிப் பக்கம் போகாமல் அவர் வீட்டுக்குள் திரும்பிப் போனது.