பன்னிரண்டாவது பெயர்

வேலாத்தாள் கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, பந்தலுக்கு வெளியே நின்ற செங்கோட்டையனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை அழகுமலையின் தோளில் கிடந்தது. பையனுக்குப் பன்னிரண்டு வயது. ஓட்டத்தில் அந்த வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. செங்கோட்டையன் குனிந்து காதோரம் ஏதோ கேட்க, பையன் தன் வெறுங்காலைப் பார்த்தான். ஷூ சைஸ் கேட்கிறார் என்று வேலாத்தாளுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது.

எழவு வீட்டுக்கு மாலையோடு வந்த மனுஷன், மாலையைப் போட்ட கையோடு பிள்ளை பிடிக்க இறங்கிவிட்டார்.

நேற்று சாயங்காலம் வரை கன்னையன் உயிரோடு இருந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி வைத்துக் கத்தரித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சு கரிக்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்தார், எழவில்லை. நாற்பத்தெட்டு வயது. கணியூரில் கட்டிக்கொடுத்த மகள் பொன்னாத்தாள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்ததும் எடுத்துவிடுவது என்று வேலாத்தாளின் அண்ணன் நல்லான் சொல்லியிருந்தான்.

லைன் வீட்டுச் சந்து முழுக்கப் பிள்ளைகள். கன்னையனின் கோ-கோ டீம் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அழவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை. சுவரோரமாய் நின்றுகொண்டு, உள்ளே படுத்திருந்த மாஸ்டரை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

திருப்பூரில் அந்தப் பகுதியில் ஞாயிறுதோறும் காலையில் பதிமூன்று வயதுக்குள்ளான பிள்ளைகளுக்கு கோ-கோ லீக் நடக்கிறது. எட்டு டீம். செங்கோட்டையனுக்கு இரண்டு பனியன் கம்பெனிகள், ஒரு டீம். வருஷா வருஷம் நல்ல ஓட்டக்காரர்களாய்ப் பொறுக்கி எடுப்பார், கலர் பனியன் கொடுப்பார், கப்பும் வாங்குவார். பொறுக்கியது போக மிஞ்சுகிற பிள்ளைகள் கன்னையனுக்கு. ஏழு வருஷமாய் அவருக்குக் கப்பு என்று ஒன்று வந்ததே இல்லை. "சோத்தத் தின்னுட்டுப் பேசுங்க" என்று வேலாத்தாள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை கத்தியிருப்பாள்! தட்டில் சோறு காயும், அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். இந்த வாரம் யார் ஆடினார்கள், யார் உட்கார்ந்தார்கள் என்று.

களத்தில் ஒன்பது பேர்தான் ஆடலாம். மூன்று பேர் வெளியே உட்கார வேண்டும். மற்ற டீம்களில் எப்போதும் அதே மூன்று பேர் உட்காருவார்கள். கன்னையனிடம் மட்டும் முறை மாறிக்கொண்டே வரும். இந்த வாரம் உட்கார்ந்தவன் பெயர் அடுத்த வாரம் லிஸ்டில் முதலில். "ரெண்டு வாரம் உக்கார வெச்சமுனா மூணாவது வாரம் புள்ள வராது, வேலாத்தா. டிவியப் பாத்துட்டு ஊட்டுலயே குந்திக்கும். இல்லாட்டி ஓவர்டைமுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க" என்பார். மற்ற டீம்களில் ஆடி மாதத்துக்குள் பாதிப் பிள்ளைகள் கழன்றுகொண்டன. கன்னையனுக்கு ஒரு தலை குறையவில்லை. வாராவாரம் ஆடி ஆடியே, அழகுமலை உட்பட இந்த மிச்சப் பிள்ளைகள் ஆட்டக்காரர்களாகிவிட்டார்கள். இந்த வருஷம் முதல் தடவையாக பைனல். நாளைக் காலை ஏழு மணிக்கு, செங்கோட்டையன் டீமோடு.

உடற்பயிற்சி ஆசிரியர் ஆறுச்சாமி பந்தலுக்குள் வந்தார். லீக்கை நடத்துகிறவர் அவர்தான். கன்னையனைக் கும்பிட்டுவிட்டு, வேலாத்தாள் பக்கம் குனிந்து கூச்சத்தோடு சொன்னார்.

"அம்மிணி, இத இப்பச் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்லாம இருந்தா தப்பாயிரும். இன்னிக்கு ஆறு மணிக்குள்ள டீம் லிஸ்ட்டு வந்தாகோணும். பொறுப்பாளி கையெழுத்தோட. வரலீனா டீமு கலைஞ்சதா கணக்கு. புள்ளைகள ஆரு வேணாலும் எடுத்துக்கலாம். லிஸ்ட்டு வந்துருச்சுனா, புள்ளையா விரும்பினாத்தான் ஆறு மணிக்குள்ள டீம் மாறலாம்."

"அதுக்குத்தான் அவரு நிக்கறாருங்களா?" என்றாள் வேலாத்தாள்.

ஆறுச்சாமி வெளியே பார்த்தார். செங்கோட்டையனின் கை இப்போது வேறொரு பையனின் தோளுக்குப் போயிருந்தது.

"பொறுப்பாளி ஆரு வேணாலும் இருக்கலாமுங்களா?"

"இருக்கலாம். ஆனா கையெழுத்துப் போட்டவங்க நாளைக்கு கிரவுண்டுல நிக்கோணும்."

"பேப்பரக் குடுங்க."

நல்லானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா? தாலியறுத்தவ மக்யா நாளு வெளையாட்டு மைதானத்துல போயி நிப்பாளா? ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும்ண்ணா. ஏழு வருசமா அவரத்தான் சிரிச்சாங்க, எனக்கென்ன புதுசா?"

"நாளைக்குப் பால் தெளிக்கோணும்."

"பத்து மணிக்கு மேலதான? ஒம்பதுக்கெல்லாம் வந்துருவேன்."

அவள் குரல் பிசிறவில்லை. அதுவே நல்லானுக்கு மிரட்சியாய் இருந்தது. நெஞ்சுக்குள் என்ன பாடுபடுகிறது என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனால் பையன் தோளில் அந்தக் கையைப் பார்த்த நிமிஷத்திலிருந்து துக்கத்தைவிடக் கோபம்தான் தெம்பாக இருந்தது.

அஞ்சாவது வரை படித்தவள். கம்பெனியில் செக்கிங் டேபிளில் டஜன் டஜனாய்ப் பீஸ் எண்ணி எழுதுகிற கை. தாளை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தாள். போன வாரம் உட்கார்ந்தது யார் என்று யாரையும் கேட்கவில்லை. முதல் பெயர் ராமாத்தாள். பத்து வயது, கட்டை குட்டையாய் இருப்பாள். முதுகில் தட்டி 'கோ' சொன்னால், தன்னைத்தான் சொன்னார்களா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இரண்டாவது, கண்ணாடிக்காரப் பையன். மூன்றாவது, அம்மா செத்துப் போன பெண். ஒவ்வொன்றாய் எழுதிக்கொண்டே போனாள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவர் எண்ணிய விரல்களெல்லாம் அவளுக்கு மனப்பாடமாய் இருந்தன. இத்தனை நாளும் காது கொடுக்காததுபோலத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! அதை நினைத்ததும் கண் நிறைந்து எழுத்து மங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

ஆட வேண்டிய ஒன்பது பெயர் முடிந்தது. வெளியே உட்கார வேண்டியவர்களில் பத்து, பதினொன்று எழுதினாள். மீதி ஒரே பெயர்.

பேனா நின்றது. முறைப்படி நாளைக்கு உட்கார வேண்டியவன் அழகுமலை.

ஆறுச்சாமியும் எண்ணிப் பார்த்துவிட்டார். மெதுவாய்ச் சொன்னார்: "அம்மிணி, நாளைக்கு பைனல். அந்த ராமாத்தாளக் கீழ எறக்கீட்டு இவன மேல போடுங்க. கன்னையன் இருந்திருந்தாலும் ஒரு நாளைக்கு அப்படித்தான் செஞ்சிருப்பாரு."

இதைக் கேட்டுக்கொண்டே செங்கோட்டையனும் உள்ளே வந்துவிட்டார். "நா ஒன்னும் கெட்டதுக்குச் சொல்லுல அம்மிணி. நம்ம டீம்ல இருந்தா இவன் ஒரு வாரம்கூட உக்கார வேண்டியதில்ல. நல்ல கைய உக்கார வெச்சு வீணாக்கறது பாவமல்லோ?"

அழகுமலை அவருக்குப் பின்னால் நின்றிருந்தான். தாளையே பார்த்தான்.

வேலாத்தாளுக்கு ஆசை இல்லாமலில்லை. ஒரே ஒரு தடவை, இந்த மனுஷன் பெயரில் ஒரு கப்பு இந்த வீட்டுக்கு வந்தால் என்ன? செத்த பிறகாவது வந்தால் என்ன? ராமாத்தாளைக் கீழே எழுதினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அவளே கேட்க மாட்டாள். அடுத்த வருஷம் பேசாமல் வராமல் இருந்துவிடுவாள், அவ்வளவுதான். அழகுமலையைக் கீழே எழுதினாலோ இவன் இப்போதே, இந்த நிமிஷமே போய்விடலாம். இவன் போனால் இன்னும் மூன்று பேர் கூடவே போவார்கள்.

கணவரின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் காசும் தாடையில் கட்டுமாய் அவர் எதையும் சொல்கிற நிலையில் இல்லை.

"கண்ணு, இங்க வா" என்றாள். பையன் வந்து முன்னால் குந்தினான். "நாளைக்கு உன்ற மொறை. உக்காரோணும்."

"தெரியுமுங்க" என்றான். "மாஸ்டர் போன வாரமே சொல்லீட்டாருங்க."

"செங்கோட்டையன் ஐயாகிட்டப் போனா ஆடலாம். நா தடுக்க மாட்டேன். ஆனா உம்பேர நா மேல எழுத மாட்டேன்."

பன்னிரண்டாவதாக அவன் பெயரை எழுதினாள். கீழே பொறுப்பாளி என்ற இடத்தில் க. வேலாத்தாள் என்று கையெழுத்துப் போட்டு ஆறுச்சாமியிடம் நீட்டினாள். பையன் எழுந்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனான். செங்கோட்டையன் அவன் பின்னாலேயே போனார்.

அதற்குள் பொன்னாத்தாள் வந்து சந்து முனையிலேயே 'அப்பா' என்று விழுந்துவிட, எல்லாம் ஒன்றாய் நடந்தது. குளிப்பாட்டினார்கள், கோடி போட்டார்கள், பறைச் சத்தம் கூடியது. வேலாத்தாள் மகளைக் கட்டிக்கொண்டு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். பாடை சந்து முனையைத் தாண்டியபோது, ஆம்பளைகளோடு பையன்களும் பின்னால் போனார்கள். அந்தக் கூட்டத்தில் அழகுமலையைத் தேடினாள். காணவில்லை. செங்கோட்டையனின் காரும் இல்லை.

பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். வேலாத்தாள் ஒரு குடம் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள். போனது போகட்டும், பதினொரு பேரோடு நிற்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சந்தின் கோடியில், கொடியில் காய்ந்த துணிகளுக்கு அந்தப்புறம், பேச்சுச் சத்தம் கேட்டது.

"நீ என்னையத் திரும்பிப் பாக்கப்படாது. முதுகுல கை பட்டா எந்திரிச்சுரோணும். அவ்வளவுதான்."

ராமாத்தாள் புழுதியில் குந்தியிருந்தாள். அழகுமலை வெறுங்காலோடு ஓடிவந்து அவள் முதுகில் தட்டினான். "கோ!"

"அடச் சனியன்களா, எழவூட்டு முன்னால என்னடா ஆட்டம்?" என்று ஒரு கிழவி துடைப்பத்தை ஓங்கினாள். வேலாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராமாத்தாள் ஒரு நொடி யோசித்துவிட்டு எழுந்தாள்.

"மறுக்கா உக்காரு" என்றான் அழகுமலை.